கைப்பிடியை மாற்றுமுன் பிரேக்கைப் பாருங்கள்



"வாப்பா, என் சைக்கிளுக்கு ரேஸ் சைக்கிளின் வளைந்த ஹேண்டிலைப் போட்டுத் தாருங்களேன்" என்று உங்கள் மகன் கேட்டிருக்கிறானா? "ஹேண்டில்தானே, மாற்றிக்கொள்" என்று பணத்தைக் கொடுத்துவிட்டு உங்கள் வேலையைப் பார்க்கப் போயிருக்கிறீர்களா? அப்படியானால் இக்கட்டுரை உங்களுக்குத்தான்.

2022ஆம் ஆண்டு பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. வீட்டு மூலையில் கிடந்த துவிச்சக்கர வண்டிகள் அன்றுதான் மீண்டும் வீதிக்கு வந்தன. அது நல்லதே. ஆனால் நாம் வாழ்வது சமவெளியில் அல்ல. பேராதனையிலிருந்து ஒரு பக்கம் கலஹா வீதி பல்கலைக்கழகத்தைக் கடந்து மலையேறுகிறது. மறுபக்கம் கொழும்பு வீதி பிலிமத்தலாவை, கடுகண்ணாவை வழியாகச் சென்று மாவனல்லையை நோக்கி வளைந்து வளைந்து இறங்குகிறது. பஸ்ஸும் லொறியும் ஓடும் அந்த இறக்கத்தில், மழை நாளில், பிள்ளையின் உயிர் இரண்டு விரல்களில் தங்கியிருக்கிறது. அவை பிரேக்கைப் பிடித்திருக்கும் விரல்கள்.

ஏன் கேட்கிறான்?

முதலில் பிள்ளையைக் கண்டிக்காமல் காரணத்தைக் கேளுங்கள். நேர் ஹேண்டிலில் கைக்கு ஒரே ஓர் இருப்புத்தான். நீண்ட தூரம் ஓடினால் உள்ளங்கையின் ஓரத்தில் உள்ள நரம்பு அழுந்தி, சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகும். வளைந்த ஹேண்டிலில் மேலே பிடிக்கலாம், பிரேக் பிடியின் தலையில் கை வைக்கலாம், கீழே குனிந்தும் பிடிக்கலாம். குனிந்து ஓடினால் எதிர்க்காற்றும் குறையும். ஆகவே அவனுடைய ஆசையை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது.

1990இல் அமெரிக்காவின் டுராங்கோ நகரில் நடந்த உலக மலைச் சைக்கிள் போட்டியில் ஜோன் டோமாக் என்ற வீரர் வளைந்த ஹேண்டில் பூட்டிய மலைச் சைக்கிளிலேயே ஓடினார். அவர் வீதிப் போட்டிகளிலும் ஓடுபவர். ஆகவே செய்ய முடியாத காரியம் அல்ல. முறையாகச் செய்ய வேண்டிய காரியம்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

நேர் ஹேண்டிலின் பிடிக்கும் பகுதி 22.2 மில்லிமீற்றர் தடிப்பு. வளைந்த ஹேண்டில் 23.8 மில்லிமீற்றர். எனவே பழைய பிரேக் பிடிகள் அதில் ஏறா. புதியவை வாங்கியே ஆகவேண்டும். இங்கேதான் தவறு நடக்கிறது.

இன்றைய பல சைக்கிள்களில் ரிம்மின் இரு பக்கமும் நீண்ட கைகளைக் கொண்ட 'வி' பிரேக் இருக்கிறது. அது வேலை செய்யக் கேபிள் அதிக தூரம் இழுபட வேண்டும். சாதாரண ரேஸ் சைக்கிளின் பிரேக் பிடியோ அதில் ஏறத்தாழ அரைவாசி தூரமே இழுக்கும். இரண்டையும் இணைத்து, கட்டைகளை ரிம்முக்கு மிக நெருக்கமாக வைத்துக் கடையில் அழுத்திப் பார்த்தால் நன்றாகவே பிடிக்கும். நீங்களும் நம்பிவிடுவீர்கள். சில வாரங்களில் மழையிலும் மணலிலும் கட்டை தேயும். ஒருநாள் இறக்கத்தில் முழுக் கையாலும் அழுத்தும்போது பிடி ஹேண்டிலில் முட்டி நிற்கும். சைக்கிள் நிற்காது!

இதற்கு வழி உண்டு. 'வி' பிரேக்குக்கென்றே அதிக தூரம் இழுக்கும் ரேஸ் பிடிகள் செய்யப்பட்டிருக்கின்றன. டெக்ட்ரோ நிறுவனத்தின் ஆர்எல் 520 அத்தகையது. அல்லது பிரேக்கையே பழைய 'கன்டிலீவர்' வகைக்கு மாற்றலாம். கேபிள் முனையின் குண்டும் இருவகைப் பிடிகளுக்கும் வேறு வேறு வடிவம். பழைய கேபிளைத் திணிக்க விடாதீர்கள். எண்ணெயில் இயங்கும் டிஸ்க் பிரேக் என்றால் அதன் பிடி வளைந்த ஹேண்டிலில் ஏறாது. முழுத் தொகுதியையும் மாற்ற நேரும். கம்பித் தண்டுகளால் இயங்கும் பிரேக் கொண்ட பழைய சைக்கிளில் இவ்வேலையில் இறங்காமல் இருப்பதே நலம்.

உடலும் கியரும்

வளைந்த ஹேண்டில் கையை ஏழு முதல் பத்து சென்ரிமீற்றர் வரை முன்னே இழுக்கும். அதனால் ஹேண்டிலைத் தாங்கும் 'ஸ்டெம்' என்ற கழுத்தைக் குட்டையாகவும் சற்று உயரமாகவும் மாற்ற வேண்டும். இல்லையேல் முதுகுவலிதான் மிச்சம். கழுத்தின் வாய் பெரும்பாலும் 25.4, 26.0 அல்லது 31.8 மில்லிமீற்றர் அளவில் வருகிறது. புதிய ஹேண்டிலின் நடுப்பகுதி அதற்குச் சரியாகப் பொருந்த வேண்டும். தகரத் துண்டைச் செருகி இறுக்கும் வேலையை ஒருபோதும் ஏற்காதீர்கள்.

கியரில், ஷிமானோவின் 7, 8, 9 பற்சக்கரப் பின் கியர்கள் மலைச் சைக்கிளிலும் ரேஸ் சைக்கிளிலும் ஒரே அளவு இழுவையில் இயங்குகின்றன. முன் கியர் அப்படியல்ல.

கடையிலிருந்து எடுக்குமுன்

முன் சக்கரத்தை முழங்கால்களுக்கிடையே இறுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருப்பிப் பாருங்கள். அது அசையக் கூடாது. பிரேக் பிடிகளின் தலையில் முழுப் பாரத்தையும் கொடுத்து அழுத்துங்கள். ஹேண்டில் கீழே சுழலக் கூடாது. பிடியை முழு பலத்துடன் அழுத்தினாலும் அதற்கும் ஹேண்டிலுக்கும் இடையே விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது கேபிள்கள் இழுபடக் கூடாது. குழாயின் இரு முனைகளிலும் அடைப்பான் இருக்கட்டும். விழும்போது திறந்த குழாய் கத்திபோல் வெட்டும். மாதம் ஒருமுறை கட்டைத் தேய்வையும் பாருங்கள்.

இத்தனை செலவும் கட்டுப்படியாகாது என்றால் எளிய வழியும் உண்டு. நேர் ஹேண்டிலின் இரு முனைகளிலும் சிறு கொம்புகளைப் பூட்டலாம். கைக்கு இன்னோர் இருப்புக் கிடைக்கும். பிரேக்கில் கை வைக்கத் தேவையில்லை. மகனின் குறை கை மரப்பது மட்டும்தான் என்றால் இதுவே போதுமாகலாம்.

பெற்றோரே! பிள்ளை கேட்டதை உடனே வாங்கிக் கொடுப்பதும் அன்பல்ல, உடனே மறுப்பதும் அன்பல்ல. அரைநாள் ஒதுக்கி அவனோடு கடைக்குச் செல்லுங்கள். அவன் ஹேண்டிலின் அழகைப் பார்க்கட்டும். நீங்கள் பிரேக்கைப் பாருங்கள்.