காற்றடைத்த காவலாளி

1966 செப்டம்பரில் வேல்ஸ் கடலோரத்துப் போர்ட்மேரியன் கிராமத்தில் ‘தி பிரிசனர்’ தொலைக்காட்சித் தொடரின் படப்பிடிப்பு தொடங்கியது. வேலையை உதறிய ஓர் உளவாளியைக் கடத்திக்கொண்டுபோய், பெயரற்ற ஊர் ஒன்றில் அடைத்துவிடுகிறார்கள். அங்கே ஆட்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். அவன் ஆறாம் எண். தப்பி ஓடுகிறவர்களைத் துரத்திப் பிடிக்க ஒரு காவல் இயந்திரம் வேண்டும், அதுதான் ‘ரோவர்’.

முதலில் உருவான ரோவர் நிஜமாகவே இயந்திரம். கோ-கார்ட் வண்டிமேல் ஒரு குவிமாடத்தைக் கவிழ்த்து, உச்சியில் நீல விளக்கைப் பொருத்தியிருந்தார்கள். தரையில் ஓட வேண்டும், தண்ணீரிலும் போக வேண்டும். எழுதுவது சுலபம்! அது எப்படிப் படுத்தது என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு. கடலில் இறங்கியது திரும்பவில்லை என்ற கதைக்குத்தான் மவுசு.

நாயகன் பாட்ரிக் மெகூஹனும் தயாரிப்பு மேலாளர் பெர்னார்ட் வில்லியம்ஸும் கையைப் பிசைந்து நின்றபோது, வானத்தில் வெள்ளை உருண்டை ஒன்று போனதாம். வானிலை பலூன்.

மெல்லிய ரப்பரால் ஆன இந்தப் பலூனில் ஹைட்ரஜனோ ஹீலியமோ நிரப்பி, அளவுக் கருவியைக் கட்டி மேலே விடுவார்கள். உயரம் கூடக்கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், பலூன் பருக்கும். 30 கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி வெடித்துவிடும். அதே பலூனில் சாதாரணக் காற்றை அடைத்தால் பறக்காது. ரப்பரின் எடை அதைத் தரையில் வைத்திருக்கும். ஆனாலும் லேசாகத் தட்டினால் துள்ளும், தண்ணீரில் மிதக்கும். கோ-கார்ட் திணறிய வேலையெல்லாம் இதற்குச் சும்மா வந்தது.

காற்று மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. ஆகவே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கம்பியால் இழுத்தார்கள்; சில காட்சிகளை எடுத்தபின் படச்சுருளைப் பின்னோக்கி ஓட்டினார்கள். உருண்டு விலகியது பாய்ந்து வந்தது போலத் தெரிந்தது.

நீல விளக்கு வண்டி பிழைத்திருந்தால் இன்று பார்ப்பவர்கள் சிரித்திருப்பார்கள். கண்ணும் வாயும் சக்கரமும் இல்லாத வெள்ளை உருண்டை உறுமிக்கொண்டு வந்து முகத்தை மூடும்போது சிரிப்பு வருவதில்லை.

கடைசியான 17ஆம் அத்தியாயத்தில் ராக்கெட் கிளம்ப, ரோவர் சுருங்கி அழிகிறது. அதுவரை ரகசியமாக வைத்திருந்த போர்ட்மேரியனின் பெயர் திரையில் எழுத்தாக வந்ததும் அந்த அத்தியாயத்தில்தான்.