உடல் எனக்குரியதா, என்னிடம் ஒப்படைக்கப்பட்டதா?



"இது என்னுடைய உடல். இதனை நான் விரும்பியவாறு மாற்றிக்கொள்வேன். தடுப்பதற்கு நீங்கள் யார்?" இன்றைய இளையோர் சிலரின் வாயிலிருந்து வரும் கேள்வி இது. மூக்கைக் கூராக்கவும், முகவாயைச் சீராக்கவும், இடுப்பின் கொழுப்பை உறிஞ்சி எடுக்கவும் நோயேதுமின்றியே சத்திரசிகிச்சை மேசையில் படுப்போரின் தொகை உலகெங்கும் பெருகி வருகின்றது. 2023ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1 கோடியே 58 இலட்சம் அழகுச் சத்திரசிகிச்சைகள் நடைபெற்றதாக அத்துறை வைத்தியர்களின் சர்வதேச அமைப்பு கணக்கிட்டுள்ளது. இவை பெருநகரத்துச் செல்வந்தரின் காரியங்கள் என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. கைத்தொலைபேசி வழியாக அந்த விளம்பரங்கள் கிளிவெட்டியின் வயலோரத்து வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிட்டன. ஆகவே, கத்தோலிக்கக் குடும்பம் இதனை எவ்வாறு நோக்க வேண்டும் என்று சிந்திப்பது அவசியமாகின்றது.

காயமுற்றோருக்காகப் பிறந்த கலை

உருவத்தைச் சீர்செய்யும் சத்திரசிகிச்சை வீண்பெருமையில் பிறந்ததன்று. அறுபட்ட மூக்கைக் கன்னத்துத் தோலைக் கொண்டு மீண்டும் அமைக்கும் முறையைப் பண்டைய இந்தியாவின் சுஸ்ருதர் விளக்கியிருக்கிறார். மைசூர்ப் போரில் மூக்கு அறுக்கப்பட்ட வண்டியோட்டி ஒருவருக்குப் புனேயில் நெற்றித் தோலால் புதிய மூக்கு அமைக்கப்பட்ட செய்தி 1794இல் இலண்டன் சஞ்சிகை ஒன்றில் வெளியாகி, ஐரோப்பிய வைத்தியர்களை வியப்பில் ஆழ்த்தியது. முதலாம் உலகப் போரில் முகம் சிதைந்த போர்வீரர்களுக்கு ஹரோல்ட் கில்லிஸ் என்னும் வைத்தியர் ஆற்றிய பணியிலிருந்தே இன்றைய நவீன முறைகள் வளர்ந்தன.

போரின் காயங்களை நமது மண்ணுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. 2006இல் சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் கிளிவெட்டி இடைத்தங்கல் முகாமில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். ஷெல் துண்டுகள் கிழித்த முகங்களையும், இழந்த கைகால்களையும் இந்த மாவட்டம் நன்கு அறியும். குப்பி விளக்குக் கவிழ்ந்து தீக்காயமுற்றுக் கழுத்துத் தோல் சுருங்கிப்போன பெண்ணுக்கும், பிளவுபட்ட உதட்டோடு பிறந்த குழந்தைக்கும் சத்திரசிகிச்சை செய்வது ஆடம்பரமாகுமா? ஒருபோதும் ஆகாது. தொழுகைக்கூடத்தில் இருந்த கை சூம்பியவரை எழுந்து நடுவே நிற்கச் சொல்லி, அவருடைய கையை நலமாக்கினார் நம் ஆண்டவர். முழுமையை நாடும் மனிதரின் ஏக்கத்தை அவர் கடிந்துகொள்ளவில்லை.

திருச்சபை காட்டும் அளவுகோல்

கி.பி. 325இல் கூடிய நீக்கேயா திருச்சங்கத்தை விசுவாச அறிக்கையோடு நாம் நினைவுகூருகின்றோம். 2025இல் அதன் 1700ஆவது ஆண்டையும் கொண்டாடினோம். அந்தச் சங்கத்தின் ஒழுங்குவிதிகளில் முதலாவது எதனைப் பற்றியது என்பதைப் பலர் அறியார். நோயின் காரணமாக வைத்தியர்களாலோ, வன்முறையாளர்களாலோ விதை நீக்கப்பட்டவர் திருப்பணியாளராகத் தொடரலாம். நல்ல உடல்நலத்தோடிருந்தும் தன்னைத்தானே அவ்வாறு சிதைத்துக்கொண்டவர் தொடர முடியாது என்பதே அவ்விதி. இரண்டிலும் உடலில் ஏற்பட்ட மாற்றம் ஒன்றே. ஆயினும் தேவையின்பொருட்டு நேர்ந்ததையும், சுகதேகி தன் விருப்பால் செய்துகொண்ட சிதைவையும் திருச்சபை அன்றே வேறுபடுத்திப் பார்த்தது.

அழகுச் சத்திரசிகிச்சை பற்றியே நேரடியாகப் பேசிய பாப்பரசரும் உண்டு. பன்னிரண்டாம் பத்திநாதர் 1958 ஒக்டோபர் 4ஆம் திகதி, தமது மரணத்துக்கு ஐந்து நாட்களுக்கு முன்னர், இத்தாலிய உருவமைப்புச் சத்திரசிகிச்சை வைத்தியர்களைச் சந்தித்தார். அவர் அதனை முற்றாகத் தடைசெய்யவில்லை. உடலழகு ஒரு நன்மையே; ஆனால் உயர்ந்த நன்மைகளுக்குக் கீழ்ப்பட்ட நன்மை என்றார். நோக்கம் நேரியதாக இருக்க வேண்டும், உடல்நலத்துக்குப் பாரதூரமான ஆபத்து இருக்கக் கூடாது, காரணம் எடுக்கும் முயற்சிக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பவை அவர் காட்டிய அளவுகோல்கள். பிறரைக் கவர்ந்து பாவத்துக்கு இழுக்கவோ, குற்றவாளி நீதிக்குத் தப்பவோ, வெறும் நாகரிக மோகத்துக்காகவோ செய்யப்படுவதை அவர் ஏற்கவில்லை. ஒருவரின் வாழ்வைப் பெரிதும் பாதிக்கும் குறையை நீக்குவதற்கு அவர் இடமளித்தார்.

உரிமை என்னும் கேடயம்

இனி, "என் உடல், என் உரிமை" என்ற வாதத்தை நேர்மையோடு ஆராய்வோம். இதில் உண்மை இல்லாமலில்லை. தன் சம்மதமின்றித் தனக்குச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டதாகப் பெண்ணொருவர் தொடுத்த வழக்கில், நல்ல மனநிலையுள்ள வளர்ந்த எவருக்கும் தம் உடலுக்கு என்ன செய்யப்பட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை உண்டென்று நியூயோர்க் நீதிபதி கார்டோசோ 1914இல் எழுதினார். இந்த உரிமை ஏழையையும் நோயாளியையும் காக்கும் கேடயமாகும். பிறர் நம்மீது கத்தி வைக்காதபடி அது தடுக்கின்றது. இதனை நாம் மதிக்கவே வேண்டும்.

ஆனால், பிறர் என்னைத் தொடக்கூடாது என்பதும், நான் எதைச் செய்தாலும் அது நன்றே என்பதும் ஒன்றல்ல. தந்தை தம் காணியை ஒரு மகனின் பொறுப்பில் விட்டால், அயலவர் எவரும் அதில் வேலி போட முடியாது. அதற்காக அந்த மகன் காணியின் மண்ணை அள்ளி விற்கலாமா? உடல் தூய ஆவியாரின் ஆலயம் என்றும், நாம் நமக்குரியவர்கள் அல்லர், விலை கொடுத்து மீட்கப்பட்டவர்கள் என்றும் புனித பவுல் கொரிந்து நகர மக்களுக்கு எழுதினார். நாம் உடலின் பொறுப்பாளர்கள். பொறுப்பாளர் கணக்குக் கொடுக்க வேண்டியவர்.

மேலும், இந்த விருப்பம் உண்மையில் யாருடையது? திருமணப் பேச்சில் புகைப்படம் திரும்பி வருகின்றது. "பிள்ளை கொஞ்சம் கறுப்பு", "மூக்கு சப்பை", "நல்ல உடம்பு" என்று வீட்டாரும் உறவினரும் சொல்லிச் சொல்லியே ஒரு பெண்பிள்ளையின் நெஞ்சைப் புண்ணாக்குகிறார்கள். ஈற்றில் அவள் வைத்தியரிடம் சென்று, "இது என் சொந்த முடிவு" என்று கையெழுத்திடுகிறாள். அந்தக் கையெழுத்துக்குள் எத்தனை பேருடைய நாக்குகள் ஒளிந்திருக்கின்றன! சுதந்திரம் என்று நாம் பெயரிடுவது பல வேளைகளில் அடிமைத்தனத்தின் மறுபெயராகவே இருக்கின்றது.

விலை உயிரானபோது

2022 மே மாதத்தில் பெங்களூருவில், கொழுப்பு நீக்கும் சிகிச்சைக்காகத் தனியார் நிலையமொன்றுக்குச் சென்ற 21 வயதுச் சின்னத்திரை நடிகை ஒருவர் உயிரிழந்தார். தங்களுக்குச் சொல்லாமலே அவர் சென்றதாகப் பெற்றோர் கண்ணீரோடு கூறினர். 2024 ஏப்ரலில், உடல் எடையைக் குறைக்கும் சத்திரசிகிச்சைக்குச் சென்ற புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயது இளைஞர் சென்னையில் உயிரிழந்தார். மிகுந்த உடற்பருமன் நோயாகும்போது சத்திரசிகிச்சை தகுந்த சிகிச்சையாகவே இருக்கலாம். ஆயினும் மயக்க மருந்து, குருதிப்பெருக்கு, கிருமித்தொற்று, நுரையீரலை அடைக்கும் கொழுப்புத் துணிக்கை ஆகிய ஆபத்துகள் சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாசலில் நிற்கின்றன. விளம்பரம் அவற்றைச் சொல்வதில்லை.

ஆகவே பெற்றோரே, பிள்ளை இத்தகைய எண்ணத்தோடு உங்களிடம் வந்தால் சினந்து விரட்டாதீர்கள். விரட்டப்படும் பிள்ளை சொல்லாமலே போய்விடும். அமர்ந்து கேளுங்கள். இது நோயை அல்லது பெருங்குறையை நீக்குகின்றதா? ஆபத்தும் செலவும் பயனுக்குத் தகுந்தவையா? இதற்காகக் கடன் சுமக்கப்போவது யார்? எவருடைய கேலியால் இந்த எண்ணம் பிறந்தது? தகுதியுள்ள சத்திரசிகிச்சை நிபுணர் இருவரிடமாவது ஆலோசனை பெற்றாயிற்றா? இறைவனின் முன்னிலையில் அமைதியாக இருந்து சிந்தித்தாயிற்றா? இவற்றுக்கு விடை கண்ட பின்னர் எடுக்கும் முடிவே மனச்சான்றின் முடிவாகும்.

ஏற்கெனவே இத்தகைய சிகிச்சை செய்துகொண்டவர்களை எவரும் ஆலய முற்றத்தில் கேலி பேச வேண்டாம். முன்பு முகத்துக்காகவும், இப்போது மாற்றிய முகத்துக்காகவும் ஒருவரை இருமுறை காயப்படுத்துவது கிறிஸ்தவம் ஆகாது.

உயிர்த்த ஆண்டவர் மகிமையான உடலோடு சீடர்களிடையே வந்தபோது, கைகளிலும் விலாவிலும் இருந்த தழும்புகளை மறைத்துக்கொண்டு வரவில்லை. அவற்றைக் கண்டே தோமா அவரைத் தம் ஆண்டவரென்று அறிக்கையிட்டார். வடுக்கள் நிறைந்த நம் மாவட்டத்து மக்களுக்கு இதைவிட ஆறுதல் வேறில்லை. இந்த வாரம் நம் வீடுகளில் ஒரு தவமுயற்சி மேற்கொள்வோம்: எந்தப் பிள்ளையின் நிறத்தையும், மூக்கையும், பருமனையும் பற்றி ஒரு சொல்லும் சொல்லாதிருப்போம். கத்தியின்றி நாம் செய்யக்கூடிய சிகிச்சை அதுவே.