காசநோயாளியின் ரத்தத்தில் கால்சியம் ஏறுவது ஏன்?

விடாத இருமல், மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு என்றால் காசநோயோ என்று சந்தேகிக்கிறோம். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், குமட்டல், மனக்குழப்பம் என்று ஒருவர் வந்தால் நுரையீரலின் நினைவே வராது. அபூர்வமாக இவற்றுக்கும் காசநோய் காரணமாகிறது. ரத்தத்தில் கால்சியம் மிகுந்துபோவதன் அறிகுறிகள் இவை.

100 மி.லி. ரத்தத் தெளிநீரில் கால்சியம் ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மி.கி. வரை இருக்க வேண்டும். அதைக் கண்காணிப்பவை கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பிகள். அளவு குறைந்தால் அவற்றின் ஹார்மோன் சிறுநீரகத்தைத் தூண்டும். சிறுநீரகம் வைட்டமின் டி-யை அதன் செயல்வடிவமான கால்சிட்ரியாலாக மாற்றும். கால்சிட்ரியாலின் வேலை, உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் கூடுதலாக உறிஞ்சச் செய்வது. அளவு ஏறியதும் சுரப்பி அடங்கிவிடும்.

காசநோய்க் கிருமிகளைச் சுற்றி நோய் எதிர்ப்புச் செல்கள் கூடிக் கட்டும் முடிச்சுக்கு கிரானுலோமா என்று பெயர். அதிலுள்ள மேக்ரோபேஜ் செல்களுக்கும் கால்சிட்ரியால் தயாரிக்கத் தெரியும். கிருமியைத் தாக்கும் கேத்தலிசிடின் என்ற புரதத்தை உண்டாக்க அது அவற்றுக்குத் தேவை. உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் இந்த வேலையிலிருந்தே தொல்லை பிறப்பதுதான் இதில் என்னை மிகவும் வியக்க வைப்பது. மேக்ரோபேஜ் பாராதைராய்டின் சொல்லுக்குக் கட்டுப்படாது. மிஞ்சிய கால்சிட்ரியால் ரத்தத்தில் கலந்துவிட்டால், போதும் என்று சொல்ல ஆளில்லாமல் குடல் உறிஞ்சிக்கொண்டே போகும்.

ஆகவே பரிசோதனையில் பாராதைராய்டு ஹார்மோன் தாழ்ந்தும் கால்சிட்ரியால் உயர்ந்தும் காணப்படும். சார்காய்டோசிஸ் நோயிலும் இதே நிலைதான். அதுவென்று தவறாக எண்ணி ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் கால்சியம் இறங்கும், உள்ளே காசநோய் முற்றும். சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. இன்னொரு சிக்கலும் உண்டு. மெலிந்த நோயாளிகளுக்கு ரத்தத்தில் அல்புமின் குறைந்திருப்பதால், கால்சியம் மிகுந்திருந்தும் மொத்த அளவு இயல்பாகத் தோன்றலாம். அல்புமினையும் பார்த்துக் கணக்கிட வேண்டும்.

பெரும்பாலும் இந்த உயர்வு லேசானது, அறிகுறியே காட்டாதது. கடுமையானால் சலைன் ஏற்றுவார்கள். இளைத்துப்போனவருக்குச் சத்து சேரட்டும் என்று வீட்டார் வாங்கித் தரும் கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது, அவை நிலைமையை மோசமாக்கும். மூல மருந்து வழக்கமான காசநோய் மாத்திரைகள்தான். அவற்றில் ஒன்றான ரிஃபாம்பிசின், கிருமியைக் கொல்வதோடு வைட்டமின் டி உடலில் சிதையும் வேகத்தையும் கூட்டுகிறது.