சங்கம் பெற்ற கட்சி

2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டி.வி. தயாராகும் ஆலை அது. சம்பள உயர்வும் கேட்டார்கள். ஆனால் அவர்கள் விடாப்பிடியாக நின்றது ஒன்றில்தான்: எங்கள் சங்கத்தைப் பதிவு செய்யுங்கள். சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் வரக்கூடாது என்று நிர்வாகம் ஆட்சேபித்தது. அக்டோபர் 9 அன்று எச்சூரில் அவர்கள் உட்கார்ந்திருந்த பந்தலைப் போலீஸ் பிரித்துப் போட்டது. பந்தல் போன பிறகும் போராட்டம் தொடர்ந்தது. மொத்தம் 37 நாள்.

ஆட்சியில் இருந்தது தி.மு.க. போராட்டத்தை நடத்தியது சி.ஐ.டி.யு. அதன் தாய்க்கட்சியான மார்க்சிஸ்ட் கட்சியோ ஆளும் கூட்டணியில் இருந்தது. தொழிலாளர் பக்கம் என்று சொல்லிக்கொள்ளும் இரண்டு கட்சிகள் ஒரே பந்தலுக்கு எதிரெதிரே நின்றது எப்படி?

பிரிட்டனில் கதை வேறு விதமாகத் தொடங்கியது. அங்கே தொழிலாளர்கள் நெடுங்காலம் லிபரல்களுக்கும் டோரிகளுக்கும்தான் ஓட்டுப் போட்டார்கள். அமைதியான மறியலுக்கு 1875இல் சட்டப் பாதுகாப்பு தந்ததே டிஸ்ரேலியின் டோரி அரசு. 1901இல் இடி விழுந்தது. வேல்ஸில் டாஃப் வேல் ரயில்வே ஊழியர்கள் செய்த வேலைநிறுத்தத்தின் நஷ்டத்துக்குச் சங்கமே பொறுப்பு என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. சங்கம் கட்டிய தொகை 23,000 பவுண்டு. இனி நாடாளுமன்றத்தில் நம் ஆட்கள் வேண்டும் என்று சங்கங்கள் முடிவு கட்டின. முந்தைய ஆண்டே அமைக்கப்பட்டிருந்த தொழிலாளர் பிரதிநிதித்துவக் கமிட்டிக்குப் பின்னால் திரண்டன. 1906 தேர்தலில் அதற்கு 29 இடங்கள். லேபர் கட்சி என்று பெயர் மாறியதும், லிபரல் அரசு டாஃப் வேல் தீர்ப்பைச் செல்லாததாக்கும் சட்டம் கொண்டுவந்ததும் அதே ஆண்டில்தான்.

சென்னைக்கும் ஒரு டாஃப் வேல் உண்டு. பெரம்பூர் பி அண்டு சி மில் தொழிலாளர்களுக்காக 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி.வாடியா தலைவர், திரு.வி.க. உடன் நின்றார். 1920 கதவடைப்பின்போது மில்லை நடத்திய பின்னி கம்பெனி உயர் நீதிமன்றம் போய் வாடியாவுக்கு எதிராகத் தடையாணை வாங்கியது. அதைத் தொடர்ந்து அவர் விலகினார். அந்த அடியின் வலியில்தான் தொழிற்சங்கத் தலைவர் என்.எம்.ஜோஷி மத்திய சட்டசபையில் குரல் எழுப்ப, 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. சங்கம் அரசியலுக்குத் தனி நிதி வைத்துக்கொள்ளலாம், அதற்குச் சந்தா தரும்படி உறுப்பினரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது அதன் 16ஆம் பிரிவு. லேபர் கட்சிக்குச் சங்கப் பணம் போகலாமா என்று பிரிட்டனில் நடந்த சண்டையின் தழும்பு அது.

சட்டம் வந்தது, கட்சி வரவில்லை. சிங்காரவேலர் 1923 மே தினத்தன்று தொழிலாளர், விவசாயிகளுக்கென்று ஒரு கட்சியைத் தொடங்கினார். அது வேரூன்றவில்லை. பிறகு இங்கே கட்சிகள்தான் சங்கங்களைப் பெற்றன. ஐ.என்.டி.யு.சி., சி.ஐ.டி.யு., தொ.மு.ச., அண்ணா தொழிற்சங்கப் பேரவை என்று ஆலை வாசலில் பறக்கும் ஒவ்வொரு கொடிக்கும் மேலே ஒரு கட்சி அலுவலகம் இருக்கிறது. கட்சி கோட்டைக்குள் போனதும் கொடியின் குரல் தாழ்ந்துவிடுகிறது. இதைத்தான் நம் தொழிலாளர் அரசியலின் பெரிய குறையாக நான் பார்க்கிறேன்.

சங்கம் பெற்ற பிள்ளையான லேபர் கட்சியும் எப்போதும் சொன்ன பேச்சு கேட்டதில்லை. பொது உடைமையை லட்சியமாகச் சொன்ன கட்சி விதிகளின் நான்காவது ஷரத்தை அதன் தலைவர் பிளேர் 1995இல் மாற்றினார். ஆட்சிக்கு வந்தும் தாட்சர் காலச் சங்கக் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவற்றை அப்படியே விட்டுவைத்தார். ஆனாலும் அந்தக் கட்சிக்குள் கேள்வி கேட்கும் உரிமை சங்கங்களுக்கு உண்டு. இங்கே எதிர்ப்பு வெளியிலிருந்துதான் வர வேண்டும். 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா பேரவையில் நிறைவேறியபோது கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன; மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார்.

சாம்சங் சங்கம், உயர் நீதிமன்றம் கெடு விதித்த பிறகு, 2025 ஜனவரி 27 அன்று பதிவானது. அந்த 1926 சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பரில் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. பல சங்கங்கள் உள்ள ஆலையில் 51 சதவீத ஆதரவு இருந்தால்தான் ஒரு சங்கம் தனித்துப் பேச்சுவார்த்தை நடத்தலாம். ஒரகடத்தில், இருங்காட்டுக்கோட்டையில், ஒப்பந்தக்காரர் பஸ்ஸில் ஷிப்டுக்கு வரும் பிள்ளைகளுக்கு இது எளிதல்ல. ஓட்டுக் கேட்டு எந்தக் கொடியோடு யார் வந்தாலும், சங்கம் வைக்க மனு கொடுத்தால் எத்தனை நாளில் பதிவு செய்து தருவீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள்.