பிழைப்புக்காக வரையாதவர்கள்

தானே கதை எழுதி, தானே வரைந்து, தானே நகலெடுத்துப் பத்துப் பேருக்குக் கொடுக்கிற காமிக்ஸ் ரசிகரைப் பாராட்ட வேண்டுமென்றால் எல்லோரும் எடுத்துச் சொல்கிற கதைகள் இரண்டு உண்டு. 1933இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு பள்ளி மாணவர்கள் ஸ்டென்சில் வெட்டி உருட்டி வெளியிட்ட அறிவியல் புனைகதைச் சிற்றிதழில் சூப்பர்மேன் என்ற பெயரில் ஒரு பாத்திரம் வந்தது. அதில் அவன் மொட்டைத் தலை வில்லன். ஐந்தே ஆண்டுகளில் அதே பெயர் ஒரு நாயகனுக்குச் சூட்டப்பட்டு உலகம் முழுக்கப் பரவியது. 1984இல் கெவின் ஈஸ்ட்மன், பீட்டர் லேர்ட் என்ற இரு நண்பர்கள் கடன் வாங்கிச் சுமார் 3,000 பிரதிகள் அச்சிட்ட கறுப்பு வெள்ளைக் கேலிப் படைப்புதான், பிறகு தொலைக்காட்சியிலும் சினிமாவிலும் பொம்மைக் கடைகளிலும் குவிந்த நிஞ்சா ஆமைகள். இரண்டும் உண்மைக் கதைகள். ஆனால் பொழுதுபோக்காக வரைகிறவரைப் பாராட்ட இவற்றைப் பயன்படுத்துவது தவறு என்றே நினைக்கிறேன். அந்தப் பாராட்டின்படி, வீட்டில் வரைவது என்பது பெரிய நிறுவனம் உள்ளே கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்கிற திண்ணை மட்டுமே. கூப்பிடப்படாத ஆயிரக்கணக்கானோர் தோற்றவர்கள் ஆகிவிடுகிறார்கள். அவர்கள் தோற்கவில்லை என்பதற்கு ஜப்பானில் அரை நூற்றாண்டுச் சான்று இருக்கிறது.

டோக்கியோவில் ஆண்டுக்கு இருமுறை, ஆகஸ்டிலும் டிசம்பர் கடைசியிலும், காமிக் மார்க்கெட் என்ற சந்தை கூடுகிறது. சுருக்கமாகக் காமிகெட். முதல் சந்தை 1975 டிசம்பர் 21 அன்று ஒரு கூட்ட அரங்கில் நடந்தது. 32 குழுக்கள் மேஜை போட்டன, சுமார் 700 பேர் வந்தார்கள், அவர்களில் பெரும்பாலானோர் பள்ளி மாணவிகள். 2019 டிசம்பரில் டோக்கியோ பிக் சைட் கண்காட்சி வளாகத்தில் நான்கு நாட்கள் நடந்தபோது வருகைக் கணக்கு ஏழரை லட்சம். அங்கே விற்கப்படுபவை டோஜின்ஷி எனப்படும் புத்தகங்கள்: ஒத்த ரசனை உள்ளவர்கள் தங்கள் கைக்காசில் அச்சிட்டுக்கொள்பவை. பெரும்பாலானவை இருபது, முப்பது பக்கங்கள்தான், விலை சில நூறு யென். அவற்றில் சொந்தக் கற்பனையில் பிறந்த கதைகள் உண்டு. மாங்கா எனப்படும் ஜப்பானியக் காமிக்ஸ், அனிமே எனப்படும் அசைபடம், வீடியோ கேம் ஆகியவற்றின் பிரபலமான பாத்திரங்களை எடுத்துக்கொண்டு ரசிகர்கள் வரைந்த புதுக் கதைகள் அதைவிட அதிகம். கதையே இல்லாத புத்தகங்களும் ஏராளம். ரயில் பெட்டிகளின் வகைகள், பழைய ரப்பர் உடை அரக்கர்கள் வரும் தொலைக்காட்சித் தொடர்கள், கைவிடப்பட்ட கட்டடங்கள் என்று யாருக்கு எதன் மேல் தீராத பித்தோ அதைப் பற்றி ஒரு புத்தகம் அங்கே கிடைக்கும்.

இந்தப் பழக்கத்துக்கு வயது அதிகம். 1885இல் ஓசாகி கோயோவும் நண்பர்களும் தொடங்கிய கராகுதா புங்கோ என்ற இலக்கிய இதழ் முதலில் கையால் எழுதப்பட்டு உறுப்பினர்களிடையே சுற்றியது. நாம் கையெழுத்துப் பத்திரிகை என்று சொல்வதும் அதைத்தான். மாங்காவுக்கும் அந்த வழி வந்தது. 1950களில் மியாகி மாகாணத்தில் பள்ளி மாணவராக இருந்த மாங்கா ஓவியர் ஷோதாரோ இஷினோமோரி, பல ஊர்களில் இருந்த இளைஞர்களைத் தபால் வழியே சேர்த்து ஓர் இதழ் நடத்தினார். உறுப்பினர்கள் அனுப்பிய அசல் ஓவியங்களையே தைத்துக் கட்டிய இதழ் அது, தபாலில் ஒருவர் மாற்றி ஒருவராகச் சுற்றியது. 1967இல் மாங்கா ஓவியர் ஒசாமு தெசுகா தொடங்கிய காம் என்ற இதழ் வாசகர்களின் ஓவியங்களுக்கென்றே ஒரு பகுதி ஒதுக்கி, ஊர் ஊராக ரசிகர் குழுக்கள் முளைக்கக் காரணமானது. 1970களின் தொடக்கத்தில் காம் நின்றதும் அந்தக் குழுக்கள் சந்தித்துக்கொள்ள இடமில்லாமல் போயின. இருந்த ஒரு பெரிய ரசிகர் மாநாடோ, தன்னை விமர்சித்த ஒரு வாசகிக்கு 1975இல் அனுமதி மறுத்தது. அதைக் கண்டித்த மெய்க்யூ என்ற விமர்சனக் குழுவினர்தான் காமிகெட்டைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான யோஷிஹிரோ யோனெசாவா 1980 முதல் 2006இல் இறக்கும்வரை அதை வழிநடத்தினார். புதிய ஓவியர்களைக் கண்டுபிடிக்கவேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்த சந்தை இல்லை இது. யாரையும் வாசலில் நிறுத்திவைக்கக் கூடாது என்ற கோபம் அதன் அஸ்திவாரம்.

அந்தக் கோபம் சந்தையின் விதிகளில் இன்றும் இருக்கிறது. காமிகெட்டின் கொள்கைப்படி அங்கே வாடிக்கையாளர் என்று யாரும் கிடையாது. மேஜை போடுகிறவர், வாங்க வருகிறவர், வரிசையை ஒழுங்குபடுத்தும் தன்னார்வலர் மூவரும் பங்கேற்பாளர்கள்தான். அந்தத் தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், சம்பளம் கிடையாது. ஒரு குழுவுக்குக் கிடைப்பது அரை மேஜை, 90 சென்டிமீட்டர் அகலம். குழு என்று பெயரே தவிர, பல குழுக்களில் இருப்பது ஒரே ஆள். வரைந்தவரே அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். வாங்க வருகிறவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார், இரண்டு வார்த்தை பேசுவார், வாங்குவார், அல்லது நன்றி சொல்லிக் கீழே வைத்துவிட்டு நகர்வார். ஒரு கடையிலோ வார இதழிலோ இது நடக்காது. ஜப்பானின் பெரிய வார மாங்கா இதழ்களில் வாசகர்கள் அனுப்பும் கருத்துக்கணிப்பு அட்டைகள் ஒரு தொடரின் ஆயுளையே தீர்மானிக்கின்றன. அங்கே வாசகர் ஓர் எண்ணிக்கை. இங்கே அவர் ஒரு முகம், பெரும்பாலும் அடுத்த வரிசையில் தானும் ஒரு மேஜை போட்டிருப்பவர். அச்சுச் செலவையும் பயணச் செலவையும் கழித்தால் பெரும்பாலான குழுக்களுக்குக் கையிலிருந்துதான் பணம் போகிறது. அது தெரிந்தே மறுபடி விண்ணப்பிக்கிறார்கள். தொழிலுக்கு ஏணி என்ற விளக்கம் இந்த இடத்தில் நிற்காது. லாபமும் இல்லாமல், தொழில்முறை ஓவியராகும் எண்ணமும் இல்லாமல் இருபது ஆண்டுகள் தொடர்ந்து வருகிறவர் எதற்காக ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டும்?

ஏணியில் ஏறியவர்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. கிளாம்ப் என்ற பெண் ஓவியர்களின் கூட்டணி டோஜின்ஷி குழுவாகத் தொடங்கி 1989இல் வணிகப் பதிப்பகத்துக்குப் போனது. ஆனால் என் வாதத்துக்கு இன்னும் வலுவான சான்று ஃபூமி யோஷினாகா. அவரும் டோஜின்ஷியிலிருந்து வந்தவர். விருதுகள் வாங்கி, தொலைக்காட்சித் தொடராகவும் திரைப்படமாகவும் ஆன படைப்புகளைத் தந்த பிறகும் அவர் டோஜின்ஷி வெளியிடுவதை நிறுத்தவில்லை. இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழும் ஒரு வீட்டின் சமையலைச் சொல்லும் 'நேற்று என்ன சாப்பிட்டாய்?' என்ற தன் தொடருக்கு, அதன் பதிப்பாளர் இதழில் இடம்பெறாத கிளைக்கதைகளைத் தானே டோஜின்ஷியாக வரைந்திருக்கிறார். ஏற்கெனவே உச்சியில் இருப்பவர் ஏணியின் அடிக்கு எதற்காக வருகிறார்? பதிப்பாசிரியர் ஒப்புதல் தேவையில்லாத பக்கம் அங்கே கிடைக்கிறது. வார இதழ் நெறிக்குள் அடங்காத காட்சியை அங்கே வரையலாம், பத்தொன்பது பக்கத்தில் முடிக்கலாம், முடிக்காமலும் விடலாம். தொழில்முறை ஓவியருக்கே அந்தச் சுதந்திரம் தேவைப்படுகிறதென்றால், அதைத் தொழிலுக்கு முந்தைய பருவம் என்று எப்படிச் சொல்வது?

தரம் மோசம் என்று ஒரு மறுப்பு எழும். பெரும்பாலான டோஜின்ஷிகளில் உடலின் அளவு பிசகியிருக்கும், பின்னணி காலியாக இருக்கும், அடுத்தவர் உருவாக்கிய பாத்திரத்தை வைத்துக்கொண்டு சின்னதாய் ஒரு காட்சி மட்டும் இருக்கும். உண்மைதான். ஆனால் அந்தச் சின்னக் காட்சி என்ன செய்கிறது என்று பார்க்கவேண்டும். 1981இல் சிறுவர்களுக்கான வார இதழில் தொடங்கிய கேப்டன் சுபாசா ஒரு கால்பந்துக் கதை. 1980களின் நடுவில் இளம்பெண்கள் கூட்டம் கூட்டமாக அதை எடுத்து வரையத் தொடங்கினார்கள். மூலக்கதை பந்தைப் பின்தொடர்ந்தது. இவர்கள் பந்தை விட்டுவிட்டு வீரர்களுக்கிடையேயான பொறாமையையும் பாசத்தையும் காதலையும் பின்தொடர்ந்தார்கள். சிறுவர்களுக்காக எழுதப்பட்டதை நாங்கள் எப்படிப் படிக்கிறோம் தெரியுமா என்று படம் போட்டுச் சொன்ன விமர்சனம் அது. எந்த விமர்சகரும் அப்போது அதை அந்தத் தெளிவோடு எழுதிவிடவில்லை. பாத்திரமும் உலகமும் வாசகருக்கு முன்பே தெரிந்திருப்பதால், வரைகிறவர் அறிமுகத்தில் பக்கங்களைச் செலவிடாமல் நேராக ஒரு பார்வைக்குள், ஒரு மௌனத்துக்குள் நுழையமுடிகிறது. முழங்கை கோணலாக இருந்தாலும் அந்தப் பார்வை சரியாக விழுந்துவிடும் பக்கங்கள் உண்டு. சொந்தப் பாத்திரம்தான் கலை என்று கருதுகிறவர்களுக்கும் இடம் இருக்கிறது: 1984 முதல் நடக்கும் காமிட்டியா என்ற சந்தையில் சொந்தப் படைப்புகளுக்கு மட்டுமே அனுமதி.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது: இது திருட்டு இல்லையா? சட்டத்தின் எழுத்துப்படி, அனுமதியில்லாமல் அடுத்தவர் பாத்திரத்தை வரைந்து விற்பது பதிப்புரிமை மீறல் என்று வழக்குப் போட இடமிருக்கிறது. ஜப்பானில் உரிமையாளர் புகார் கொடுத்தால்தான் இதில் வழக்கு. பெரும்பாலான உரிமையாளர்கள் பார்த்தும் பார்க்காமல் இருக்கிறார்கள், ஏனென்றால் ஒரு படைப்பை உயிரோடு வைத்திருப்பவர்கள் அந்த ரசிகர்கள்தான். 1974இல் ஒளிபரப்பான யமாத்தோ என்ற விண்வெளிப் போர்க்கப்பல் தொடர், பார்வையாளர் குறைவால் 26 வாரங்களோடு சுருக்கப்பட்டது. ரசிகர் மன்றங்கள் அதை விடவில்லை. 1977இல் திரைப்படமாகத் தொகுக்கப்பட்டபோது கூட்டம் அலைமோதியது. ஆனாலும் எல்லை உண்டு. டோரேமான் மாங்காவுக்கு முடிவு எழுதாமலே அதன் ஓவியர் ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ 1996இல் காலமானார். 2005இல் ஒரு ரசிகர் அந்தக் கடைசி அத்தியாயத்தைத் தானே வரைந்து வெளியிட்டார். மூலத்தின் கோடும் அட்டையும் அச்சாக அப்படியே இருந்தன, விற்பனை பத்தாயிரத்தைத் தாண்டியது, அதுதான் நிஜ முடிவு என்று நம்பியவர்கள் இருந்தார்கள். உரிமையாளர்கள் தலையிட்டார்கள். அவர் மன்னிப்புக் கேட்டு, கிடைத்த பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தார். உரிமையாளர்கள் செய்தது நியாயம் என்பது என் எண்ணம். அது மனதார வரையப்பட்ட கதை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மூலத்தின் இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்ட நொடியில் அது ரசிகரின் குரலாக இல்லாமல் போனது. 2018 இறுதியில் ஜப்பான் சட்டத்தைத் திருத்தி, புகார் இல்லாமலே சில மீறல்களுக்கு வழக்குத் தொடரலாம் என்று ஆக்கியபோதும் இதே கோட்டைத்தான் போட்டது: மூலத்தை அப்படியே பிரதியெடுத்து அதன் விற்பனையைக் கெடுத்தால் குற்றம், டோஜின்ஷிக்கு அது பொருந்தாது. அதற்கு முன்பே, 2013இல், மாங்கா ஓவியர் கென் அகாமாட்சு தன் தொடரில் ஒரு சிறு முத்திரையைச் சேர்த்து, ரசிகர்கள் இதை வைத்து டோஜின்ஷி வரைந்து விற்கலாம் என்று வெளிப்படையாகவே அனுமதித்தார்.

ஆபாசம் பற்றிய புகாரையும் ஒதுக்கிவிட முடியாது. விற்கப்படுவதில் வயதுவந்தோருக்கான படைப்புகள் கணிசமாக இருக்கின்றன. 1991இல் இந்தச் சர்ச்சையால் மக்குஹாரி அரங்கு இடம் தர மறுத்து, சந்தையே வேறு இடத்துக்கு மாறவேண்டியிருந்தது. இப்போது ஒவ்வொரு குழுவும் விற்பனை தொடங்கும் முன் ஒரு மாதிரிப் பிரதியைக் கொடுத்துச் சரிபார்த்துக்கொள்ளவேண்டும், வயதுக் கட்டுப்பாடும் உண்டு. இதில் எல்லோரும் திருப்தியடைந்துவிட்டார்கள் என்று சொல்லமுடியாது. அப்படிச் சேரும் மாதிரிப் பிரதிகள் தூக்கி எறியப்படுவதில்லை என்பது மட்டும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதே அக்கறையோடு, யோனெசாவாவின் சொந்தச் சேகரிப்பைக் கொண்டு மெய்ஜி பல்கலைக்கழகம் 2009இல் ஒரு நூலகமே திறந்தது. ஐம்பது பிரதி அச்சான கோணல் ஓவியக் கதையையும் ஆய்வுக்குரிய ஆவணமாகப் பார்க்கும் மனநிலை அந்த ஊரில் உருவாகியிருக்கிறது.

பணம் புகுந்துவிட்டதே என்பார்கள். புகுந்திருக்கிறது. நிறுவனங்களுக்குத் தனிக் கூடம் இருக்கிறது, டோஜின்ஷி விற்கும் சங்கிலிக் கடைகள் இருக்கின்றன, அரங்கின் சுவரோரம் இடம்பெறும் பிரபலக் குழுக்கள் முன்னால் மணிக்கணக்கில் வரிசை நிற்கிறது, அவர்கள் நன்றாகவே சம்பாதிக்கிறார்கள். ஆனால் சுவரோரத்தை விட்டு அரங்கின் நடுவே வந்தால், நீண்ட மேஜை வரிசைகளில் மற்றவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். நெருக்கடி உண்மையில் இடத்துக்குத்தான். விண்ணப்பங்கள் இடங்களைவிட அதிகம் என்பதால் குலுக்கல் முறையில் மேஜை ஒதுக்குகிறார்கள். ஓவியத்தின் தரம் அதில் கணக்கில் வராது. தரம் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் சந்தை மேம்படுமே என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. மேம்படும்தான், நல்ல ஓவியங்களைத் தேடி வரும் பதிப்பகத்தாருக்கு. யார் வரலாம், யார் வரக்கூடாது என்று ஒரு குழு உட்கார்ந்து முடிவெடுத்த மாநாட்டிலிருந்து வெளியேறியவர்கள் கட்டிய சந்தைக்கு அந்த யோசனை எப்படிப் பொருந்தும்? குலுக்கலில் பெயர் விழாத தேர்ந்த ஓவியர் ஒரு பருவம் வீட்டில் இருக்கிறார். அவருக்குக் கிடைக்காத 90 சென்டிமீட்டரில், முதன்முறை வரைந்த யாரோ ஒருவர் தன் முப்பது பிரதிகளை அடுக்கி வைத்திருக்கிறார்.