ஸ்ட்ரோபெரியின் சுவை அறிதல்

கண்ணைக் கவரும் ஸ்ட்ரோபெரி வாயிலிட்டதும் புளிப்பது ஏன்?

மாங்காயைப் பறித்துவைத்துப் பழுக்கச் செய்யலாம். ஸ்ட்ரோபெரியோ செடியை விட்டு நீங்கியபின் சிவப்பேறுமேயன்றி இனிப்பேறாது. இலைகளில் உண்டாகும் சர்க்கரை காம்பின் வழியே பழத்தை அடைகிறது. காம்பு அறுந்ததும் அவ்வரவு நின்றுவிடுகிறது.

ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் குளிரில் இப்பழம் மெல்லப் பழுத்துச் சுவை திரள்கிறது. ஆயின் நன்கு பழுத்த கனி எளிதில் நசுங்கும். எனவே, பெரகலைக்குக் கீழே, வெல்லவாய செல்லும் சாலையிலுள்ள கொஸ்லந்த போன்ற வெப்பம் மிகுந்த ஊர்களுக்கு அனுப்புவதாயின், முதிருமுன்னரே பறித்துவிட நேர்கிறது.

தோட்டத்திலே நாள் முழுதும் கொழுந்து பறித்து ஈட்டிய பணத்தில் குழந்தைக்கென ஒரு பெட்டி வாங்கும் தாய் ஏமாறலாகாது. காம்படி வெளுத்திருந்தால் அது முதிராத பழம். பருமன் சுவைக்குச் சான்றன்று. சிறு பழமே சில வேளை மிக இனிக்கும். மழையில் நனைந்த பழம் சுவை குன்றியிருப்பதுண்டு. எல்லாவற்றிலும் மேலாக, முகர்ந்து பாருங்கள். பழுத்த ஸ்ட்ரோபெரி மணக்கும். குளிர்ப்பெட்டி பழம் அழுகுவதைத் தாமதிக்குமேயன்றி இனிப்பூட்டாது.

மணமில்லையேல் அப்பணத்துக்கு மரத்திலே பழுத்த உள்ளூர்க் கொய்யாவை வாங்குதல் நன்று.