பசிபிக் தீவுகளில் நம் தூதர்: அன்றும் இன்றும்

1989 நவம்பரில் பிஜி அரசு இந்தியத் தூதர் டி.பி. ஸ்ரீநிவாசனை நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னது. அடுத்த ஆண்டு மே மாதம் சுவா நகரில் இருந்த தூதரகத்தையே மூடச் சொல்லிவிட்டது. தூதரைத் திருப்பி அனுப்புவது உலகில் அவ்வப்போது நடப்பதுதான். பெயர்ப்பலகையையே கழற்ற வைப்பது அபூர்வம்.

2025 ஆகஸ்டில் பிஜியின் பிரதமர் டெல்லிக்கு வந்தார். ராஜ மரியாதை, பேச்சுவார்த்தை, மருத்துவமனை கட்டித் தர ஒப்பந்தம், சுவாவில் இந்தியப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை அமர்த்தும் அறிவிப்பு என்று எல்லாம் முறைப்படி நடந்தன. வந்தவர் சித்திவேனி ரபுகா. 1987 மே 14 அன்று முகமூடி அணிந்த படையினரை நாடாளுமன்றத்துக்குள் நுழைய வைத்து, இந்திய வம்சாவளியினர் பெரும்பங்கு வகித்த அரசைக் கவிழ்த்த அதே லெப்டினன்ட் கர்னல்தான்!

எதிரி நண்பரானார் என்று ஒரு வரியில் இதை முடித்துவிடலாம். ஆனால் மாறியது ரபுகா மட்டும் இல்லை. தொலைதூரத் தீவுகளுக்கு இந்தியா அனுப்பும் தூதரின் வேலையும் அடியோடு மாறியிருக்கிறது.

சுவாவுக்கு இந்திய அரசின் பிரதிநிதி போவதற்கு வெகுகாலம் முன்பே இந்தியாவின் கவலை அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட லியோனிடாஸ் கப்பல் 1879 மே 14-இல் முதல் ஒப்பந்தக் கூலிகளைப் பிஜியில் கொண்டு சேர்த்தது. 1916 வரை போனவர்கள் அறுபதாயிரத்துக்கும் மேல். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் ஆள் ஏற்றினார்கள். வட ஆற்காடு, தஞ்சாவூர், விசாகப்பட்டினம், மலபார் என்று பல மாவட்டங்களிலிருந்து சுமார் பதினைந்தாயிரம் பேர். ஐந்தாண்டு ஒப்பந்தம். கரும்புத் தோட்டத்தில் ஆணுக்கு நாள் கூலி ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். பத்தடிக்கு ஏழடி அறையில் மூன்று ஆண்கள், அல்லது ஒரு குடும்பம். அந்தத் தோட்டத்துப் பெண்களின் துயரத்தைப் பாரதியார் பாடியதால்தான் பிஜி என்ற பெயரே நம்மில் பலருக்குத் தெரியும்.

1912-இல் காந்தியின் முயற்சியால் மணிலால் டாக்டர் என்ற வழக்கறிஞர் அங்கே போனார். 1915-இல் சி.எஃப். ஆண்ட்ரூஸ் நேரில் போய்ப் பார்த்து எழுதிய அறிக்கை ஒப்பந்தக் கூலி முறைக்கு முடிவு கட்ட உதவியது. இவர்கள் யாரிடமும் அரசு முத்திரை கிடையாது. ஆனாலும் தூதர் வேலை பார்த்தவர்கள் இவர்கள்தான். 1920 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மணிலாலை பிஜியிலிருந்து வெளியேற்றினார்கள். ஆக, இந்தியப் பிரதிநிதி ஒருவரை வெளியேற்றும் வழக்கத்தை பிஜியில் தொடங்கி வைத்தது வெள்ளைக்கார அரசு.

1948-இல் சுதந்திர இந்தியா சுவாவில் ஓர் ஆணையரை நியமித்தது. பிஜி அப்போது பிரிட்டிஷ் காலனி. 1970 அக்டோபர் 10-இல் பிஜி சுதந்திரம் அடைந்ததும் அது ஹை கமிஷன் ஆனது. ஆணையராக இருந்தாலும் ஹை கமிஷனராக இருந்தாலும், உள்ளூர்ப் பார்வையில் அவர் இந்திய வம்சாவளியினருக்குத் தாய்வீட்டு மனிதர். கோயில் விழாவுக்கு அவர் வர வேண்டும், பள்ளி ஆண்டுவிழாவுக்கு வர வேண்டும், படிப்பு உதவித்தொகைக்கு அவரிடம்தான் போக வேண்டும். இதில் தவறில்லை. ஆனால் பிஜியின் மண்ணின் மைந்தர்களான இதவுக்கே மக்கள் அந்த அலுவலகத்தை என்னவாகப் பார்த்தார்கள் என்று டெல்லி அப்போது பெரிதாக யோசித்ததாகத் தெரியவில்லை.

1986 கணக்கெடுப்பில் நாட்டு மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இந்திய வம்சாவளியினர். நிலமோ பெரும்பாலும் இதவுக்கே குலங்களுக்குச் சொந்தம். கரும்பு விளைவித்தவர் குத்தகைக்காரர், நிலத்துக்காரர் வேறு. இந்த முடிச்சின்மேல்தான் 1987 தேர்தல் முடிவு விழுந்தது. திமோசி பவத்ரா பிரதமரானார். அவர் இதவுக்கே என்றாலும் அவரது கூட்டணிக்கு இந்தியர் ஆதரவு அதிகம். ஒரு மாதம்தான் ஆண்டார். லியோனிடாஸ் வந்து சேர்ந்த அதே மே 14-இல் ஆட்சி கவிழ்ந்தது. தேதிப் பொருத்தம் தற்செயல்தான் என்றாலும், அங்கே உள்ள இந்தியர்களுக்கு அது ஆறாத வடு.

இந்தியா கடுமையாக எதிர்த்தது. வர்த்தகத்தை நிறுத்தியது. வான்கூவர் காமன்வெல்த் மாநாட்டில் ராஜீவ் காந்தி விட்டுக்கொடுக்கவில்லை. பிஜி காமன்வெல்த்திலிருந்து விலக நேர்ந்தது. சுவாவிலிருந்த ஸ்ரீநிவாசன் பாதிக்கப்பட்டவர்களின் பக்கம் வெளிப்படையாக நின்றார். 1989 அக்டோபரில் லவுடோக்காவில் இந்தியர்களின் வழிபாட்டுத் தலங்கள் கொளுத்தப்பட்டபோது அவர் வாய்மூடி இருக்கவில்லை. அதன் விலைதான் முதலில் சொன்ன வெளியேற்றம். அவர் செய்தது சரிதான் என்பது என் கட்சி. இனத்தின் பெயரால் ஓர் அரசைக் கவிழ்த்ததைப் பார்த்துக்கொண்டு தேநீர் விருந்து நடத்துவது தூதர் வேலை ஆகாது. ஆனால் ஒரு சமூகத்தின் காவலராக மட்டுமே அறியப்பட்ட தூதரகத்துக்கு, இக்கட்டு வந்தபோது மறுபக்கத்தில் பேசிப் பார்க்க ஆள் இல்லாமல் போனது என்பதும் உண்மை.

ஒன்பது ஆண்டுகள் சுவாவில் இந்தியக் கொடி பறக்கவில்லை. 1999-இல் மீண்டும் திறந்தார்கள். அதே ஆண்டு மகேந்திர சௌத்ரி, இந்திய வம்சாவளியில் வந்த முதல் பிரதமர் ஆனார். அடுத்த மே மாதமே ஜார்ஜ் ஸ்பைட் என்பவரின் கும்பல் அவரையும் அமைச்சர்களையும் நாடாளுமன்றத்துக்குள்ளேயே 56 நாட்கள் பிணைக் கைதிகளாக வைத்திருந்தது. வசதியுள்ளவர்கள் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் மூட்டை கட்டினார்கள். பாதியாக இருந்தவர்கள் இன்று மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்திருக்கிறார்கள்.

இனி இன்றைய தூதர். சுவாவில் பொறுப்பேற்க வருபவர் பிஜி அதிபரிடம் நியமனக் கடிதம் கொடுக்கிறார். அதற்குப் பிறகு கிராமங்களுக்குப் போகும்போது நடப்பதுதான் சுவையானது. பாயில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். யங்கோனா வேரை இடித்துப் பொடியாக்கி, பெரிய மரப்பாத்திரத்தில் தண்ணீர் விட்டுப் பிசைந்து வடிகட்டுகிறார்கள். சேற்று நிறம். கொட்டாங்கச்சியில் நீட்டுவார்கள். ஒரு முறை கை தட்டி வாங்கி, ஒரே மடக்கில் குடித்து, மூன்று முறை கை தட்ட வேண்டும். நாக்கு சற்று மரத்துப்போகும். முகம் சுளித்தால் போச்சு. கோட் சூட் போட்டுக் கைகுலுக்குவதைவிட இந்தப் பாயில் உட்காரும் நேரத்துக்கு அங்கே மதிப்பு அதிகம். பழைய நாளில் இந்தியத் தூதரகத்தின் அழைப்பிதழ்ப் பட்டியலில் கோயில் தர்மகர்த்தாக்கள் எவ்வளவு பேரோ, அவ்வளவு இதவுக்கே தலைவர்களும் இன்று இருந்தாக வேண்டும்.

உதவிகளின் போக்கும் அதைத்தான் காட்டுகிறது. 2021 மார்ச்சில் போன ஒரு லட்சம் கொரோனா தடுப்பூசி இனம் பார்த்துப் போடப்படவில்லை. 2016-இல் வின்ஸ்டன் புயல் அடித்தபோது இந்திய விமானப்படை விமானம் நிவாரணப் பொருளோடு போய் இறங்கியது. 2025 ஜூலையில் இந்தியா அனுப்பியது என்ன தெரியுமா? ஐந்து டன் காராமணி விதை. பத்திரிகைகளில் மூலைச் செய்தி. இந்திய விதையை இதவுக்கே விவசாயியும் விதைக்கலாம் என்பதால் எனக்கு அது மாநாட்டுப் புகைப்படங்களைவிடப் பெரிதாகப் படுகிறது.

பிஜி மட்டும் என்றால்கூடச் சமாளிக்கலாம். சுவாவில் இருப்பவர் டோங்கா, துவாலு போன்ற நாடுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டோங்காவில் அரசரிடம் கடிதம் கொடுக்க வேண்டும். துவாலுவில் கவர்னர் ஜெனரலிடம். துவாலுவின் மொத்தப் பரப்பு 26 சதுர கிலோமீட்டர், மக்கள் சுமார் பதினோராயிரம். தலைநகர் ஃபுனாஃபுட்டியின் விமான ஓடுபாதை இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் போட்டது. விமானம் வராத நேரத்தில் மாலையில் பிள்ளைகள் அதில்தான் பந்து விளையாடுகிறார்கள். விமானம் வரும்போது சங்கு ஊதி எல்லோரையும் விலக்குவார்கள். தீவின் சில இடங்களில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காயல், நடுவே ஒரு சாலைதான். 2021-இல் அந்நாட்டு அமைச்சர் சைமன் கோஃபே முழங்கால் அளவு கடல்நீரில் நின்றபடி பருவநிலை மாநாட்டுக்குப் பேசியது நினைவிருக்கும். அந்த ஊருக்குப் போகும் தூதர் யோகா தினத்தைப் பற்றிப் பேசி என்ன ஆகப்போகிறது? கடல் மட்டம் பற்றி அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டெல்லிக்கு இந்தக் குட்டித் தீவுகள்மேல் ஏன் இவ்வளவு அக்கறை என்றால், கணக்கு எளிது. 2014 நவம்பரில் பிரதமர் மோடி சுவாவில் தொடங்கிய கூட்டமைப்பில் 14 பசிபிக் நாடுகள். குக் தீவுகளையும் நியுவேயையும் தவிர மற்ற 12 நாடுகளுக்கும் ஐ.நா. சபையில் ஆளுக்கொரு ஓட்டு. துவாலுவின் ஓட்டும் சீனாவின் ஓட்டும் பொதுச்சபையில் ஒரே எடைதான். சாலமன் தீவுகளும் கிரிபாத்தியும் 2019-இல் தைவானை விட்டுச் சீனாவின் பக்கம் போயின. 2024-இல் நவ்ருவும் போனது. எல்லோரும் ஓடுகிற ஓட்டத்தில் இந்தியாவும் ஓடுகிறது. ஆனால் காசு விஷயத்தில் நாம் அடக்கமானவர்கள்தான். 2014-இல் ஒவ்வொரு நாட்டுக்கும் ஆண்டு உதவியை ஒன்றேகால் லட்சம் டாலரிலிருந்து இரண்டு லட்சமாக உயர்த்தினோம். சென்னையில் நல்ல இடத்தில் ஒரு ஃபிளாட் வாங்கினால் தீர்ந்துபோகும் பணம் அது.

ரபுகாவுக்கு வருவோம். 2022 டிசம்பரில் மீண்டும் பிரதமரானவர், 2023 மே 14 அன்று சுவாவில் நடந்த பிரார்த்தனைக் கூட்டத்தில் 1987-இல் செய்ததற்காக இந்திய வம்சாவளியினரிடம் மன்னிப்புக் கேட்டார். ஒப்பந்தக் கூலிகள் வந்திறங்கிய நாளுக்கு அந்த ஆண்டு முதல் அரசு விடுமுறை. 36 ஆண்டு கழித்து மன்னிப்பு என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் உண்டு. வீடு வாசலை விட்டுச் சிட்னிக்குப் போனவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். இருந்தாலும் உயிரோடு இருக்கும்போதே, பதவியில் இருக்கும்போதே கேட்டார். அது எத்தனை நாட்டில் நடந்திருக்கிறது?

தமிழருக்கும் இங்கே ஒரு வேலை இருக்கிறது. 1926-இல் சாது குப்புசாமி நாந்தி நகரில் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் பள்ளிகள் நடத்துகிறது. லம்பாசாவில் நர்சிங் கல்லூரியும் உண்டு. அந்தப் பள்ளிகளில் இதவுக்கே பிள்ளைகளும் படிக்கிறார்கள். நாந்தியின் சிவசுப்பிரமணியர் கோயிலை இந்தியச் சிற்பிகள் வந்து கட்டி, 1994-இல் திறந்தார்கள். முருகன் இருக்கிறார், மாரியம்மன் இருக்கிறாள். சுவாவில் ஆண்டுதோறும் தீமிதி நடக்கிறது. பெங்கா தீவின் பழங்குடிகளோ நெருப்பில் காய்ந்த கற்கள்மேல் நடப்பவர்கள். இரண்டு கூட்டமும் நெருப்பை மிதிக்கும் நாடு வேறு எங்காவது உண்டா? ஆனால் வீட்டுப் பேச்சு பிஜி ஹிந்தி ஆகிவிட்டது. தமிழ் பெரும்பாலும் கோயில் பாட்டில்தான் மிச்சம். தமிழாசிரியர்களை அனுப்புவது, தமிழகப் பல்கலைக்கழகங்களில் இடம் ஒதுக்குவது போன்றவற்றைத் தமிழ்நாட்டு அரசும் தூதரகமும் சேர்ந்து செய்தால் செலவு அதிகமில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். பசிபிக் நாடுகளின் மாநாடு 2014-இல் நடந்தது, 2015-இல் ஜெய்ப்பூரில் நடந்தது. மூன்றாவது கூட, 2023-இல் போர்ட் மோர்ஸ்பியில், எட்டு ஆண்டு ஆனது. அங்கே அறிவித்த பிஜி மருத்துவமனைக்கு ஒப்பந்தம் போட இரண்டு ஆண்டு. டெல்லியில் காலை 9.30-க்கு அலுவலகம் திறக்கும்போது சுவாவில் மாலை 4 மணி, அங்கே மூட்டை கட்டும் நேரம். கோப்பு நகர இது போதாதா! 14 நாடுகளில் இந்தியத் தூதரகம் இருப்பது சுவாவிலும் போர்ட் மோர்ஸ்பியிலும் மட்டும். சீனாவோ டோங்காவிலும் சமோவாவிலும் வனுவாட்டுவிலும் கிரிபாத்தியிலும் ஆள் வைத்து உட்கார்ந்திருக்கிறது. சுவாவுக்குப் போகும் தூதர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், டோங்காவிலோ சாலமன் தீவுகளிலோ மூன்றாவது தூதரகம் ஒன்றைத் திறக்காத வரை பசிபிக் நட்பு என்று நாம் பேசுவதில் பாதி வெறும் பேச்சுதான்.